வானவில்லை முறித்தவர் யார்?

கவிதைக்கும் அறிவியலுக்கும் தீராப் பகை என்று கூறுவோர் நம்மிடையே உளர். மலரைப் பிரித்து ஆராய்பவன் அதன் மணத்தை இழப்பான். நிலவை அளப்பவன் அதன் தண்மையை இழப்பான். வானவில் தோன்றும் வகையை அறிந்தவன் அதன் வனப்பை இழப்பான் என்பது அவர்தம் வாதம். கல்லூரி மேடைகளில் இதனைக் கேட்கிறோம். இலக்கியக் கட்டுரைகளிலும் காண்கிறோம். ஏன், பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நண்பர் ஒருவரே, செய்யுள் வகுப்பில் மழைத்துளியையும் ஒளிக்கதிரையும் இழுத்து வந்தால் சுவை கெட்டுவிடும் என நமக்கு அறிவுரை கூறினார். சான்று யாது என வினவினால், இவர்கள் சுற்றி வளைத்து இறுதியில் ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸின் வாயிலில் வந்து நிற்பர்.

கீட்ஸ் 1819இல் இயற்றி 1820இல் வெளியிட்ட 'லேமியா' என்னும் நெடும்பாட்டின் இரண்டாம் பகுதியில் அந்தப் பழி இடம்பெறுகிறது. தண்ணிய தத்துவம் தொட்ட அளவிலே அழகெல்லாம் அகன்றுவிடுகிறதே என்று வருந்துகிறார் கவிஞர். தத்துவம் என்று அவர் சொல்வது இயற்கை ஆராய்ச்சியையும் சேர்த்தே. அக்காலத்து ஆங்கில வழக்கு அப்படி. முன்பு வானவில் வியப்புக்கும் அச்சத்துக்கும் உரியதாய் இருந்ததாம். இன்று அதன் ஊடும் பாவும் தெரிந்துவிட்டனவாம். அதனால் அது எளிய பொருள்களின் பட்டியலில் ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டதாம். நெய்த வில்லைப் பிரித்து நூலாக்கிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம்.

25 வயதில் மாண்டுபோன அந்த இளங்கவிஞரிடம் நமக்குக் காழ்ப்பு இல்லை. ஆங்கிலக் கவிதை கற்றோர் எவரும் கீட்ஸை நேசியாதிருத்தல் இயலாது. ஆயினும் நேசிக்கும் கவிஞர் சொன்னார் என்பதற்காக ஒரு கருத்தை ஆராயாமல் ஏற்பது, முனிவர் சொன்னார் என்பதற்காகப் புராணத்தை ஏற்பதற்கு எவ்வகையில் உயர்ந்தது? பழி கூறப்பட்டுவிட்டது, வழக்கை விசாரிப்போம்.

இந்த வழக்கு ஒரு விருந்தில் தொடங்கியது. 1817 டிசம்பர் 28ஆம் நாள், இலண்டனில் ஓவியர் ஹேடன் இல்லத்தில் வேர்ட்ஸ்வொர்த், சார்லஸ் லாம், கீட்ஸ் ஆகியோர் கூடியிருந்தனர். ஹேடன் அப்பொழுது ஏசுநாதர் எருசலேம் நகருள் புகும் காட்சியைப் பேரோவியமாகத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தினிடையே நியூட்டனின் முகத்தையும் வரைந்திருந்தார். மதுவின் களிப்பிலிருந்த லாம், முக்கோணத்தின் பக்கங்களைப்போல் தெளிவாக இருந்தாலன்றி எதையும் நம்பாத மனிதனை இங்கே ஏன் வரைந்தாய் என ஓவியரைச் சாடினார். கீட்ஸ் உடன்பட்டார். வானவில்லைப் பட்டகத்து நிறங்களாகக் குறைத்து அதன் கவிதையை நியூட்டன் அழித்துவிட்டார் என்றார். அனைவரும் நியூட்டன் நலத்துக்கும் கணிதத்தின் குழப்பத்துக்கும் கிண்ணம் உயர்த்தினர். நகைச்சுவைதான், எனினும் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஹேடன் வேர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதிய மடலில் ஒரு சிறு செய்தியை நினைவூட்டுகிறார். காரணம் சொன்னாலொழியப் பருகமாட்டேன் என்று அந்த மூத்த கவிஞர் தடுத்து நின்றாராம்.

வேர்ட்ஸ்வொர்த் காரணம் கேட்டதில் வியப்பில்லை. வானவில்லைக் கண்டதும் தம் நெஞ்சம் துள்ளுவதை அவர் 1802ஆம் ஆண்டிலேயே பாடிவிட்டார். குழந்தைப் பருவத்தில் துள்ளியது, இன்றும் துள்ளுகிறது, முதுமையிலும் துள்ளவேண்டும் என்பது அந்தச் சிறு பாட்டின் பொருள். நியூட்டனின் ஒளியியல் நூல் வெளியாகி ஏறத்தாழ நூறாண்டுகள் கடந்த பின்னர்ப் பிறந்த பாட்டு அது. கவிதை அழிந்திருந்தால் அந்தத் துள்ளல் எங்கிருந்து வந்தது?

நியூட்டன் செய்ததுதான் என்ன? 1666ஆம் ஆண்டளவில், இருட்டறையின் சன்னற் கதவில் ஒரு சிறு துளையிட்டு, அதன்வழி வந்த ஞாயிற்றொளியை முப்பட்டகக் கண்ணாடியில் செலுத்தினார். எதிர்ச்சுவரில் நிறப்பட்டை நீண்டு விழுந்தது. நிறங்களைக் கண்ணாடிதான் உண்டாக்குகிறது என்பது அதுவரை அறிஞர் பலரின் எண்ணம். அவர் பிரிந்த நிறங்களுள் ஒன்றைமட்டும் தனியே எடுத்து இரண்டாம் பட்டகத்தில் செலுத்திப் பார்த்தார். அது மேலும் பிரியவுமில்லை. வேறு நிறமாக மாறவுமில்லை. பின்னர்ப் பிரிந்தவை அனைத்தையும் ஒன்றுசேர்த்தார். மீண்டும் வெள்ளொளி வந்தது! நிறங்கள் கண்ணாடியில் இல்லை, வெள்ளொளியிலேயே உறைகின்றன என்பது மெய்ப்பட்டது. 1672இல் இதனை அரசவைக் கழகத்துக்கு எழுதினார். 1704இல் நூலாக விரித்தார். பிரித்தவர் என்று அவரைக் குற்றம் சாட்டுவோர், திரும்பச் சேர்த்துக் காட்டியவரும் அவரே என்பதை மறந்துவிடுகின்றனர்.

வானவில்லை ஆராய்ந்த முதல் மனிதரும் நியூட்டன் அல்லர். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியில் பிரைபர்க்கு நகரத்துத் தியோடோரிக்கு என்னும் கிறித்தவத் துறவியும், பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்பாரிசி என்னும் இசுலாமிய அறிஞரும், ஒருவரையொருவர் அறியாமலே ஒரே சோதனையைச் செய்தனர். கண்ணாடிக் குடுவையில் நீரை நிரப்பி, அதனை ஒரு பெரிய மழைத்துளியாகக் கொண்டு, ஒளி அதனுள் செல்லும் வழியைத் தேடினர். இருவரும் ஒரே முடிவை எய்தினர். அந்தத் துறவியின் கையிலிருந்த விவிலியத்தில், பெருவெள்ளம் வடிந்தபின் இனி உலகை வெள்ளத்தால் அழிப்பதில்லை என்பதற்கு அடையாளமாகக் கடவுள் முகிலில் வில்லை வைத்தார் என்று எழுதியிருக்கிறது. அதனைப் படித்த துறவி குடுவையில் நீரை ஊற்றத் தயங்கவில்லை. எதையும் அஞ்சாமல் ஆராயும் நெஞ்சம் எந்த அங்கிக்குள்ளும் இருக்கலாம். பின்னர் 1637இல் பிரெஞ்சு அறிஞர் தேக்கார்த்து, துளியின் வெவ்வேறு இடங்களில் விழும் கதிர்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, வில் ஏன் குறித்த கோணத்தில் மட்டும் நிற்கிறது என்பதைக் கண்டார்.

அந்தக் கோணத்தைச் சிறிது விளக்கவேண்டும். நம் கட்சியின் வலிமை அதில்தான் அடங்கியிருக்கிறது. ஞாயிற்றின் கதிர் மழைத்துளிக்குள் புகும்போது வளைகிறது. துளியின் பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது. வெளியேறும்போது மீண்டும் வளைகிறது. சிவப்பு குறைவாகவும் ஊதா மிகுதியாகவும் வளைவதால் நிறங்கள் விலகிப் பிரிகின்றன. துளியில் புகுந்த கதிர்கள் பல திசைகளில் வெளியேறினாலும், 42 பாகையை ஒட்டிய திசையிலேயே அவை நெருங்கிக் குவிகின்றன. ஆகவே ஞாயிற்றுக்கு முதுகு காட்டி நிற்பவன், தன் தலையின் நிழல் விழும் திசையை நடுவாக வைத்து, அதனைச் சுற்றி 42 பாகை விலகியுள்ள துளிகளிலிருந்து சிவப்பையும், ஏறத்தாழ 40 பாகை விலகியுள்ள துளிகளிலிருந்து ஊதாவையும் பெறுகிறான். அத்தகைய துளிகள் அனைத்தும் ஒரு வட்டத்தின்மேல் அமைகின்றன. நிலம் மறைக்காவிடில் வட்டம் முழுதும் தெரியும். விமானத்திலிருந்து அதனைக் கண்டவர் உளர்.

ஒரு துளி ஒருவன் கண்ணுக்குச் சிவப்பை அனுப்பும் அதே நொடியில், பக்கத்தில் நிற்பவன் கண்ணுக்கு வேறு நிறத்தை அனுப்பலாம். எதையுமே அனுப்பாமலும் போகலாம். எனவே இருவர் ஒரே வில்லைக் காண்பதில்லை. தாயும் இடுப்பிலிருக்கும் குழந்தையும்கூட இரு வேறு வில்களைக் காண்கின்றனர். துளிகளோ நிற்பதில்லை, விழுந்தபடி இருக்கின்றன. சிவப்பை அனுப்பிய துளி கீழிறங்கி மஞ்சளை அனுப்புகிறது, பின் நீலத்தை அனுப்புகிறது, பின் மறைகிறது. அதன் இடத்துக்கு மேலிருந்து வேறொன்று வருகிறது. ஓயாது விழும் நீரில் ஓவியம் மட்டும் அசையாது நிற்கிறது. வில்லின் அடியில் பொற்குடம் புதைந்துள்ளது என்று அயர்லாந்து மக்கள் கதை சொல்வர். அதைத் தேடி ஓடியவன் ஒருபோதும் அடியை எட்டியதில்லை. ஏன் எட்டவில்லை என்பதற்குக் கதையில் விடையில்லை. அவன் ஓட ஓட நிழலும் உடன் ஓடுகிறது, நிழலை நடுவாகக் கொண்ட வட்டமும் உடன் ஓடுகிறது என்று கணிதம் சொல்கிறது. கதையையும் கணிதத்தையும் சேர்த்துக் கேட்டவனுக்கு இன்பம் இரட்டிக்கிறதா, குறைகிறதா?

கீட்ஸின் பாட்டுக்கே திரும்புவோம். மேற்கோள் காட்டுவோர் பலர் அந்தச் சில அடிகளோடு நின்றுவிடுகின்றனர். பாட்டின் கதையை நோக்குவதில்லை. லேமியா ஒரு பாம்பு. பெண்ணுருப் பெற்றுக் கொரிந்து நகரத்து இளைஞன் லைசியசை மயக்குகிறாள். மணவிருந்தில் அவன் ஆசிரியர் அப்பல்லோனியசு அழையாமல் வந்து, அவளைக் கூர்ந்து நோக்கி, பாம்பு என்று உரைக்கிறார். அவள் மறைகிறாள். அன்றிரவே இளைஞன் இறக்கிறான். இந்தக் கட்டத்தில்தான் வானவில் பற்றிய புலம்பல் வருகிறது. அறிவு வந்தது, அழகு மறைந்தது, காதலன் மாண்டான் என்பது கதை காட்டும் கணக்கு.

ஆனால் முதற்பகுதியைப் படித்தவர் ஒன்றை மறத்தல் ஆகாது. அங்கே லேமியாவின் பாம்புடலைக் கவிஞர் வருணிக்கிறார். செம்மை, பொன், பசுமை, நீலம் என நிறங்களை அள்ளிச் சொரிகிறார். அவள் விலாப்புறத்தையே வானவில்லாகக் கூறுகிறார். ஆக, இந்தப் பாட்டில் வானவில் யார் உடலில் இருக்கிறது? ஏமாற்றுபவள் உடலில்! கவிஞர் தம் நெஞ்சறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார் என்பது நம் கருத்து. பொய்யை மெய்யென்று நம்புவதால் வரும் இன்பத்தைத்தான் லைசியசு இழந்தான். அப்பல்லோனியசு சொன்னது பொய்யன்று. அவர் குற்றம் வேறு: இரக்கமின்றி, நிறைந்த அவையில், மாணவன் நெஞ்சு தாங்குமா என்று எண்ணாமல் சொன்னார். அது கெட்ட ஆசிரியரின் குற்றம், அறிவின் குற்றமன்று. கீட்ஸ் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். அந்த அடிகளைத் தனியே பிரித்து முழக்கமாக்கியவர்கள் அவரினும் தவறினர். முழுப் பாட்டும் அந்த அடிகளைவிட நுட்பமானது.

மருத்துவம் பயின்று, 1816இல் மருந்தாளர் உரிமம் பெற்றவர் கீட்ஸ். அவருக்கு முன்னே மருத்துவம் பயின்ற மற்றொரு கவிஞர் மார்க் அகென்சைடு. கற்பனையின் இன்பங்கள் பற்றி அவர் 1744இல் ஒரு நெடும்பாட்டு வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 22. மேற்கே சாயும் கதிர்கள் நீர்முகிலில் விழும் வழியை அறிவியலின் கை சுட்டிக் காட்டிய அந்த நாளில்தான் வானவில் தமக்கு முன்னெப்போதையும்விட இனித்தது என்று அதில் கூறுகிறார். ஜேம்சு தாம்சன் 1728இல் இளவேனிலைப் பாடும்போது முகிலையே நியூட்டனின் பட்டகமாகக் காண்கிறார். பக்கத்திலேயே, வில்லைப் பிடிக்க ஓடி ஏமாறும் ஒருவனையும் நிறுத்துகிறார். அறிந்தவன் வியக்கிறான், அறியாதவனும் வியக்கிறான். ஒருவன் வியப்பு மற்றவன் வியப்பைக் கெடுக்கவில்லை. கவிதைத் திறத்தில் இவ்விருவரையும் கீட்ஸோடு ஒப்பிடுதல் ஆகாது. அகென்சைடின் நடை வறண்டது. தாம்சனுக்குச் சொற்பெருக்கு மிகுதி. தவறான கருத்தைக் கீட்ஸ் அழகாகச் சொன்னார், சரியான கருத்தை அகென்சைடு சுமாராகச் சொன்னார். அழகாகச் சொன்னதே இருநூறு ஆண்டுகளாக மேற்கோளாக நிலைத்துவிட்டது! 1998இல் ரிச்சர்டு டாக்கின்சு என்னும் உயிரியல் அறிஞர் கீட்ஸின் சொல்லையே தலைப்பாக்கி மறுப்பு நூல் எழுதினார். நல்ல நூல். ஆயினும் அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கவிஞர் அணியிலிருந்தே மறுப்பு வந்துவிட்டது என்பதை நம் இலக்கிய அன்பர்கள் அறியவேண்டும்.

நியூட்டனுக்கு முன் வானவில் கவிதையின் ஆட்சியில் இருந்தது என்பது கீட்ஸ் அணியினரின் மற்றொரு கற்பனை. உண்மையில் அது எவர் ஆட்சியில் இருந்தது? நம் நாட்டுச் சான்றையே நோக்குவோம். மனுநூல் நான்காம் அதிகாரம் ஐம்பத்தொன்பதாம் சுலோகத்தில் ஒரு விதி உள்ளது. வானத்தில் இந்திரன் வில்லைக் காணும் அறிவுடையவன் அதனைப் பிறருக்குக் காட்டலாகாது என்பது அவ்விதி. அழகிய பொருளைக் கண்டால் "அதோ பார்" என்று அருகிலிருப்பவரை அழைப்பது மனித இயல்பு. குழந்தையும் செய்யும். மனு அதைத் தடுக்கிறார். காட்டாமலிருப்பவனுக்கு 'அறிவுடையவன்' என்று பட்டமும் சூட்டுகிறார்! வானில் எல்லோர்க்கும் பொதுவாக விரிந்த வில்லையே காட்டாதே என்றவர்கள், ஓலைச்சுவடியில் எழுதியதை ஊருக்குக் காட்டியிருப்பார்களா?

வானவில்லைச் சுட்டினால் விரல் அழுகும், விரல் வளையும் என்ற அச்சம் பாரதத்துக்கு மட்டும் உரியதன்று. இராபர்ட் பிளஸ்ட் என்னும் மொழியியலாளர், இத்தகைய நம்பிக்கை உலகின் பல பகுதிகளில், ஒன்றோடொன்று தொடர்பற்ற மக்களிடையே வழங்குவதைத் தொகுத்துக் காட்டியுள்ளார். ஆகவே இந்த அச்சத்தை மனு படைத்தார் என்று நாம் கூறவில்லை. காட்டுவாசி இடியைக் கண்டும் அஞ்சினான், வில்லைக் கண்டும் அஞ்சினான். அந்த அச்சத்தில் வஞ்சகம் இல்லை. அச்சத்தை எடுத்து விதியாக்கி, விதியை அறிவென்று பெயரிட்டு நிலைநாட்டியதே மனுநூலின் தனித் திருப்பணி.

அடுத்து வராகமிகிரர். ஆறாம் நூற்றாண்டினர், பிருகத் சம்ஹிதையின் ஆசிரியர். அதில் வானவில்லுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். முதற் பாட்டைப் படித்தபோது நாம் மகிழ்ந்தோம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. பல நிறமுடைய ஞாயிற்றுக் கதிர்கள், முகில் நிறைந்த வானில் காற்றால் சிதறுண்டு, வில் வடிவில் தோன்றுகின்றன என்கிறார் அவர். காற்றை இழுத்தது பிழை. ஆனால் நிறம் ஞாயிற்றின் கதிரில் இருக்கிறது என்ற சொல் நியூட்டனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த அரிய சொல்! அந்த வழியில் இன்னும் நான்கு அடி நடந்திருந்தால்? நடக்கவில்லை. அடுத்த பாட்டிலேயே, ஆதிசேடன் குலத்து நாகங்களின் மூச்சிலிருந்து வில் பிறக்கிறது என்பார் சிலர் என்று எழுதுகிறார். படையெடுக்கும் மன்னனுக்கு எதிரே தோன்றினால் தோல்வி என்கிறார். நீரின் நடுவே தோன்றினால் மழையின்மை, மரத்தில் தோன்றினால் நோய், புற்றில் தோன்றினால் போர் அச்சம். அவற்றிடையே, மேற்றிசையில் தோன்றும் வில் எப்போதும் மழை தரும் என்னும் உழவர் அனுபவமும் ஒன்று கலந்து கிடக்கிறது.

மக்களின் பட்டறிவையும் புரோகிதக் கற்பனையையும் நாம் ஒரே தட்டில் நிறுப்பதில்லை. காலை வில் மழையின் முன்னறிவிப்பு, மாலை வில் தெளிவின் அறிகுறி என்று ஐரோப்பிய மாலுமிகளும் மேய்ப்பர்களும் நெடுங்காலமாகக் கூறிவந்தனர். அதில் பொருள் உண்டு. காலை ஞாயிறு கிழக்கே. எனவே வில் மேற்கே. மேற்கே மழை பெய்கிறது என்பது பொருள். அந்நாடுகளில் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால் அம்மழை இங்கு வரும் என்று எதிர்பார்த்தனர். கண்ணால் கண்டு, பலமுறை ஒத்துப் பார்த்துச் சொன்ன சொல் அது. தென்மேற்கு, வடகிழக்கு எனக் காற்று மாறி வீசும் நம் நாட்டுக்கு அதை அப்படியே பெயர்த்தல் ஆகாது.

வராகமிகிரரின் அதிகாரத்தில் இன்னொரு விதியும் உண்டு. இரவில் தோன்றும் வில் வெண்மையாயின் பார்ப்பனருக்குத் துன்பம். ஏனைய நிறங்களாயின் வரிசைப்படி ஏனைய வருணத்தாருக்குத் துன்பம். வானத்திலும் வருணம்! இரவில் வானவில் தோன்றுவது உண்மையே. முழுமதியின் ஒளியில், மழைத்துளிகளின் வழி, பகல் வில்லைப் போலவே அதுவும் தோன்றுகிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு முறையே அதைக் காணமுடிந்தது என்று குறித்துள்ளார். அதில் நிறங்கள் உண்டு; ஆனால் ஒளி மிகக் குறைவாதலால் நம் கண்ணில் நிறம் உணரும் பகுதி வேலை செய்வதில்லை. ஆகவே வெண்மையாகத் தெரிகிறது. ஒளிப்படக் கருவியை நெடுநேரம் திறந்து வைத்தால் அத்தனை நிறமும் பதிவாகின்றன. அரையிருளில் கண் செய்த குறையை ஒரு குலத்தின் கேடாகப் படித்தார்கள். அதை நம்பி அஞ்சிய பார்ப்பனரும் பரிதாபத்துக்கு உரியவரே.

முறித்தவர் யார் என்பதைப் படிப்பவரே முடிவு செய்யட்டும். ஆனால் கீட்ஸின் புலம்பலில் ஒரு சொல் மட்டும் நம்மை உறுத்துகிறது. எளிய பொருள்களின் பட்டியல் என்றார் அல்லவா? நியூட்டன்மேல் அது பொருந்தாது. நிறங்கள் ஐந்து என்று முதலில் எண்ணிய நியூட்டன், இசையில் சுரங்கள் ஏழு இருப்பதை உள்ளத்தில் கொண்டு நிறத்தையும் ஏழாக்கினார். வில்லில் எல்லைக்கோடு எதுவும் இல்லை. ஒன்று மற்றொன்றில் கரைகிறது. ஏழு என்னும் எண், கவிதை அழித்தவர் எனப்பட்ட மனிதர் வானத்தில் கேட்ட இசை! நம் பள்ளிகளில் அந்த இசையை என்ன செய்தோம்? ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'விப்ஜியார்' என்று ஒரு சொல் உருவாக்கி, தமிழ் வழி மாணவனையும் அதை மனப்பாடம் செய்யவைக்கிறோம். தேர்வில் எழுதினால் மதிப்பெண். அவன் ஒரு மாலைகூட ஞாயிற்றுக்கு முதுகு காட்டி நின்றதில்லை. சிவப்பு வில்லின் வெளிவிளிம்பிலா உள்விளிம்பிலா என்று கேட்டால் விழிக்கிறான். வெளியே, ஏறத்தாழ 51 பாகையில், நிறங்கள் தலைகீழாக அமைந்த இரண்டாம் வில் ஒன்று இருப்பதும், இரண்டுக்கும் இடையே வானம் இருண்டு கிடப்பதும் அவனுக்குச் சொல்லப்படவில்லை. மூன்றாம் வில் ஒன்று ஞாயிற்றைச் சுற்றியே தோன்றும் என்பதும், அதன் முதல் ஒளிப்படம் 2011இல்தான் ஜெர்மனியில் எடுக்கப்பட்டது என்பதும் பாடத்தில் இல்லை. பட்டியல் இங்கே இருக்கிறது. இதைக் கண்டு கீட்ஸ் புலம்பியிருந்தால் நாமும் அவர் பக்கத்தில் நின்றிருப்போம்.

செய்யுள் வகுப்பில் ஒளிக்கதிரை இழுத்து வராதே என்ற நண்பரின் கையிலேயே இதற்கு மாற்று இருக்கிறது. புறநானூற்றின் இருபதாம் பாட்டு. பாடியவர் குறுங்கோழியூர் கிழார். பாடப்பட்டவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அந்த மன்னன் நிழலில் வாழும் மக்கள் சோறாக்கும் தீயும் ஞாயிற்றின் வெம்மையும் அன்றி வேறு வெம்மையை அறியார் என்கிறார் புலவர். வானத்து வில்லன்றிக் கொலை செய்யும் வில்லை அறியார். உழும் கலப்பையன்றிப் படைக்கருவி அறியார். அங்கே வில்லின் பெயர் திருவில். இந்திரன் அதற்கு உரிமை கொண்டாடவில்லை. 'இந்திர தனுசு' என்னும் பெயர் வந்து ஏறியது வேறு கதை. காட்டாதே என்ற விதியும் அங்கே இல்லை. ஒரு நாட்டு மக்கள் அனைவரும் அண்ணாந்து பார்த்து மகிழும் பொதுப்பொருளாகவே வில் நிற்கிறது.

அந்தப் பாட்டு எவ்வாறு தொடங்குகிறது என்பதை நண்பர் கவனித்தாரா என அறியோம். கடலின் ஆழம், நிலத்தின் அகலம், காற்று செல்லும் திசை, வெற்றிடமாய் நிற்கும் வானம் ஆகியவற்றை அளந்து அறிந்தாலும் உன்னை அளத்தல் அரிது என்று மன்னனை விளித்தே தொடங்குகிறது. புலவருக்குக் கடலையும் வானையும் அளந்தறிந்த கருவிகள் இருந்தன என்று பொய்ப்பெருமை பேசுவது நம் நோக்கமன்று. அளத்தல் என்னும் சொல்லைக் கண்டு அவர் கவிதை நடுங்கவில்லை. அளவைப் பற்றிய பேச்சும் வானவில்லும் ஒரே பாட்டில் ஒருங்கே அமர்ந்திருக்கின்றன.

இந்தப் பாட்டை நடத்தும் நாளில் செய்யவேண்டியது அதிகமில்லை. தமிழகத்தில் ஆண்டின் எந்நாளிலும் நண்பகல் ஞாயிறு 50 பாகைக்குக் கீழ் நிற்பதில்லை. 42ஐத் தாண்டிய ஞாயிறு இருக்கும்வரை சமநிலத்தில் நிற்பவருக்கு வானில் வில் இல்லை. ஆகவே கடைசிப் பாடவேளையை ஒதுக்கவேண்டும். வெயில் சாய்ந்தபின் மாணவரை வெளியே அழைத்து, நிழலைப் பார்த்து நிற்கச் செய்து, தோட்டக் குழாயின் வாயை விரலால் அடைத்து நீரைத் தூவலாகப் பீச்சவேண்டும். வில் தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வில்லை மற்றவனுக்குச் சுட்டிக் காட்டுவான். மற்றவன் வேறொன்றைக் காண்பான். பாட்டை அதன்பின் படிக்கலாம்.